புரதம் பூஜ்யம்

மாரீஸ்வரன் அந்த வரியை மூன்றாவது தடவையாகப் படித்தான். 'ஈரம் படாத இடத்தில் வைக்கவும்.' ஊதுபத்தி அட்டைப்பெட்டிக்கான புரூப். பிழை ஒன்றுமில்லை. ஈரம் ஈரமாகத்தான் இருந்தது, இடம் இடமாகத்தான் இருந்தது, ஆனாலும் கண் அடுத்த வரிக்கு இறங்க மாட்டேன் என்று அங்கேயே நின்றது. மேஜையின் வலது மூலையில் செல்போன் மல்லாந்து கிடந்தது. மணி இரண்டு பத்து. மூன்றுக்கு மேல் நாலுக்குள் ரிப்போர்ட் வந்துவிடும், வந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்று மதுரை டாக்டரம்மா காலையில் சொல்லியிருந்தார். ஏழு வயது மகளின் ரத்த ரிப்போர்ட். வெள்ளிக்கிழமை அவள் விரல் நுனியில் குத்தி, ஒரு கனத்த அட்டையில் போட்டிருந்த நான்கு வட்டங்களுக்குள் நான்கு சொட்டு விட்டு, காயவைத்து, கவரில் போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். இன்று செவ்வாய். நான்கு வட்டங்களும் வரிசை பிசகாமல் இருந்தன, அச்சு நன்றாக இருந்தது, கோடுகூடப் பிசிறவில்லை என்று அந்த நேரத்திலும் அவன் கவனித்திருந்தான். பதினாறு வருஷமாகச் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவனுக்கு மகளின் ரத்தம் விழுகிற அட்டையிலும் அச்சுதான் முதலில் தெரிகிறது, என்ன ஜென்மம் இது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் தாள்களை விழுங்கித் துப்பிக்கொண்டிருந்தது. டடக் டடக், டடக் டடக். அதற்குள் ஒரு எண் ஓடியது. ஆறு. ஆறுக்குள் இருக்க வேண்டும். போன தடவை நாலு புள்ளி இரண்டு. அதற்கு முந்தின தடவை ஐந்து. ஆறுக்குள், ஆறுக்குள், என்று மெஷின் சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடியும் ஈரத்தின் மேல் வைத்தான்.

மகளுக்கு ஆகாததன் பெயரை முதன்முதலாகக் கேட்ட அன்றும் அவனுக்கு எழுத்துதான் வேண்டியிருந்தது. மனைவி சண்முகக்கனி அப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தான் வேலை பார்க்கிற இடத்திலேயே பிரசவம், பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ஒரு பரிசோதனை. எல்லாரும் வேண்டாம் என்று விட்டுவிடுகிற பரிசோதனை, அவள்தான் பிடிவாதமாக எடுக்கச் சொன்னாள். பிறகு டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நாம் சாப்பிடுகிற அரிசி, பருப்பு, பால் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு துண்டுக்குப் பெயர் ஃபினைல்அலனின். நம் உடம்பு அதை உடைத்துத் தீர்த்துவிடும். இவளுக்கு உடையாது, சேர்ந்துகொண்டே போகும், சேர்ந்து மூளைக்குப் போகும். கனி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "எப்படி எழுதணும் மேடம்?" என்று கேட்டான். கனி திரும்பி அவனைப் பார்த்தாளே, அந்தப் பார்வை. ஏழு வருஷமாயிற்று. எழுதத் தெரிந்துகொண்டால் அடையாளம் தெரியும், அடையாளம் தெரிந்தால் உள்ளே விடாமல் தடுத்துவிடலாம் என்றுதான் கேட்டேன் கனி என்று அவன் அவளிடம் சொன்னதில்லை. மனதுக்குள் சொல்லியிருக்கிறான், பல தடவை, பல்விளக்கும்போது, பைக்கை நிறுத்தும்போது, இதோ இப்போது. அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது, அவள் மஸ்கட்டில் ஏதோ ஒரு வார்டில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் போய் இரண்டு வருஷம். போகும்போது சமையல்கட்டுத் தராசை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சோறு இவ்வளவுதான், அளந்து. பருப்பு, பால், தயிர், முட்டை, கடலை எதுவும் கிடையாது. ஜவ்வரிசி எவ்வளவு வேண்டுமானாலும், மரவள்ளி மாவு தோசை, காய், பழம், நெய். மூன்று வேளையும் அந்த மருந்துப் பவுடர், அழுகின உருளைக்கிழங்கு மாதிரி வாடை அடிக்கும், மகள் நிவேதிகா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடியபடி நிற்பாள். அவள் அழுததில்லை, அதுதான் அவனுக்குத் தாங்காது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியாயிற்று. பந்தியில் யாராவது ஒருத்தி, "ஒரு கரண்டி சாம்பார்ல பிள்ளைக்கு என்ன ஆயிரப் போகுது, பச்சப்புள்ளைய இப்படிக் காயப்போடுதியளே" என்பாள், அதற்கு விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, கடைசியில் அலர்ஜி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். அலர்ஜி என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. பிறகு சொந்தக்காரர்கள் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டார்கள், அது அவர்களுக்கும் சௌகரியம், இவனுக்கும் சௌகரியம். அவன் அவளுக்கு முன்னால் எதையும் சாப்பிடுவதில்லை. அச்சகத்துக்கு வருகிற வழியில் டீக்கடையில் நின்றபடி வடையை விழுங்கிவிட்டு வருவான், திருடினவன் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு. ஒரு வீட்டில் இரண்டே பேர், இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிடுகிறார்கள். கனி அங்கே கேன்டீனில் சாப்பிடுகிறாள், அவளும் தனியாகத்தான் இருக்கும். அவன் கேட்டதில்லை.

"மாரி, ஊதுபத்தி ஓகே ஆச்சா? பிளேட் போட ஆளு நிக்குது." கதவைத் திறந்துகொண்டு முதலாளி ஜெயபால் அண்ணாச்சி நின்றார். கதவு திறந்ததும் மெஷின் சத்தமும் மை வாடையும் சேர்ந்து உள்ளே விழுந்தன. "அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி." "மத்தியானத்துலருந்து அஞ்சு நிமிஷமாத்தான் இருக்கு. ஒடம்புக்கு முடியலையா?" "அதெல்லாம் இல்ல." "பாப்பாவுக்கு ஏதாவதா?" அவன் ஒரு கணம் வாயைத் திறந்தான். சொல்லலாம். நல்ல மனுஷர்தான், கேட்டால் லீவு கொடுத்துக் காரையும் கொடுப்பார். ஆனால் எங்கிருந்து தொடங்குவது, ஃபினைலில் இருந்தா, தராசில் இருந்தா, அந்தப் பேரை இவர் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார், நாக்கு புரளாமல் சிரிப்பார், அந்தச் சிரிப்பை இன்று தாங்க முடியாது. "சளி அண்ணாச்சி, வேற ஒண்ணுமில்ல." "ஆடிக் காத்து, அப்படித்தான் இருக்கும். கஷாயம் வச்சுக் குடு." கதவு மூடிக்கொண்டது. சளி. இதே சளியைத்தான் ஞாயிற்றுக்கிழமை கனியிடமும் சொன்னான். வீடியோவில் நிவி முகத்தைப் பார்த்ததும், "என்னங்க, ஒரு மாதிரி மந்தமா இருக்கா? கண்ணைப் பாருங்க, எங்கியோ பாக்கிறா" என்றாள் கனி. நர்ஸ் கண். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டாள், பக்கத்தில் படுத்துக்கிடக்கிறவன் பார்க்கவில்லை. சளி கனி, சளி பிடிச்சிருக்கு, நைட்டு தூங்கல. சொல்லிவிட்டுத் தானும் ஒரு தடவை இருமினான், எதற்கு இருமினான், பொய்க்குத் துணைக்கா.

பார்க்கவில்லையா, பார்த்தும் பார்க்கவில்லையா. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு காலை இழுத்துக்கொண்டது. அந்த டப்பா. ஆரஞ்சு நிற டப்பா, மேலே கண்ணாடி போட்ட ஒட்டகச்சிவிங்கி. வளரும் பிள்ளைகளுக்கான வைட்டமின் பானம். சர்க்கரை சேர்க்கப்படவில்லை. வகுப்பில் எல்லாரும் பாட்டிலில் கொண்டுவருகிறார்கள் என்று நிவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை, சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. பஜாரில் அந்தப் பெரிய கடையில் நின்று அவன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். அவன் பார்க்காமல் ஒரு பொருளும் வீட்டுக்குள் போனதில்லை. சத்துப் பட்டியலில் விரலை வைத்துக் கீழே இறக்கினான். கொழுப்பு பூஜ்யம். புரதம் பூஜ்யம். அந்த இடத்தில் நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று அவிழ்ந்துகொண்டது, இன்னொரு தடவை பார்த்தான், பூஜ்யம்தான், அச்சுப் பிழை இல்லை. ஏழு வருஷத்தில் முதன்முதலாகப் பிள்ளைகளுக்கென்று படம் போட்டு விற்கிற ஒரு பொருள், இவளும் குடிக்கலாம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வட்டமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் பின்பக்கம் ஒட்டியிருந்தது. இரண்டையும் வாங்கினான். அன்று சாயங்காலம் அவள் குடித்ததை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மூக்கைப் பிடிக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு, உதட்டுக்கு மேலே ஆரஞ்சு மீசையோடு, "இன்னும் குடிக்கலாமாப்பா? அளவு இல்லையா?" என்று கேட்டாள். அளவு இல்லை தாயி, குடி. அவன்தான் சொன்னான். அவன் வாயால் சொன்னான். எவ்வளவு வேணும்னாலும் குடி.

இருபத்து நாலு நாள். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒன்று, சில நாள் படுக்கும் முன் இன்னொன்று. இருபத்து நாலு இரண்டு நாற்பத்தெட்டு, அதற்கு மேல் ஒரு பத்து, பன்னிரண்டு. கூட்டிக் கூட்டிப் பார்க்கிறான், கூட்டினால் என்ன கிடைக்கப்போகிறது, ஆனாலும் மனசு எண்ணிக்கொண்டே இருக்கிறது. அவனும் ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தான், முதல் நாளே. சீனியின் இனிப்பு வந்துவிட்டுப் போய்விடும். இது போகவில்லை, தொண்டையின் அடியில் லேசான கசப்போடு ஒட்டிக்கொண்டு, பல்லை விளக்கிய பிறகும் இருந்தது. என்னடா இது இத்தனை நேரம் இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியதை விட்டுவிட்டான். இரண்டாவது வாரம் டீச்சர் கூப்பிட்டார். "நிவேதிகா போர்டையே பாத்துக்கிட்டு இருக்கா சார், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா. நேத்து பக்கத்துப் பிள்ளை நோட்டைக் கிழிச்சிட்டா. அப்படிச் செய்யிற பிள்ளையே இல்லையே." அம்மா இல்லாத ஏக்கம் என்று நினைத்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு ஐம்பத்தாறில் நின்றாள், அதற்கு மேல் வரவில்லை, போன மாதம் தூக்கத்தில்கூடச் சொல்வாள். தலை வாரும்போது ஒரு வாடை வந்தது. பிடரியில், வியர்வையோடு, நனைந்து காய்ந்த கோணிச் சாக்கு மாதிரி, எலி ஓடின அலமாரி மாதிரி. என் கையில் இருக்கிற அச்சக வாடை என்று கையை மோந்து பார்த்தான். கையில் மைதான் அடித்தது. மறுநாள் சோப்பை மாற்றினான். சோப்பை மாற்றினானே, அதுதான். ரத்தத்தில் அளவு ஏறினால் அந்த வாடை வரும் என்று ஏழு வருஷத்துக்கு முன்பு டாக்டரம்மா சொன்னதை எழுதிவைத்த நோட்டு பீரோவில் இருக்கிறது, அவனுக்கு அந்தப் பக்கமே மனப்பாடம். தெரிந்த ஒருவன் சோப்பை மாற்றுவானா. மாற்றினான். அவள் சிரித்துக்கொண்டு குடிக்கிற அந்த ஒரு டம்ளரை விட்டுவிட மனம் வராமல் மாற்றினான்.

வியாழக்கிழமை காலை, காலியாகியிருந்த முதல் டப்பாவைக் கழுவி எதற்காவது வைத்துக்கொள்ளலாம் என்று தண்ணீரில் ஊறப்போட்டான். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் மஞ்சள் ஸ்டிக்கர் தானாகக் கழன்று வாளியில் வட்டமாக மிதந்தது. அது இருந்த இடத்தில், பொடி எழுத்தில், ஒரு வரி. செயற்கை இனிப்பூட்டி அஸ்பார்டேம் உள்ளது. அதற்குக் கீழே, அவன் உலகத்தில் எந்தச் சொல்லை எழுத்துக் கூட்டித் தெரிந்துகொண்டானோ அந்தச் சொல். ஃபினைல்அலனின் அடங்கியது, ஃபினைல்கீட்டோன்யூரியா நோயாளிகளுக்கு உகந்ததல்ல. மகளின் நோய்க்கு நோட்டில் எழுதிவைத்த அதே பெயர். அவன் குழாயை மூடவில்லை. வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்தது. பட்டியலில் புரதம் பூஜ்யம்தான், அது பொய் இல்லை, புரதமாக இல்லாமல் இனிப்பாக உள்ளே வந்திருக்கிறது, வேறு வாசல் வழியாக. யார் மேல் கோபப்படுவது. கம்பெனி எழுதித்தான் இருக்கிறது, சட்டப்படி எழுதித்தான் இருக்கிறது. கடையில் ஸ்டிக்கர் ஒட்டினவர் படம் மறையாமல், பேர் மறையாமல், காலியாகத் தெரிந்த இடமாகப் பார்த்து ஒட்டியிருப்பார். அந்த இடத்தில் அவன் இருந்தாலும் அங்கேதான் ஒட்டியிருப்பான். இந்த இடத்தில் வந்து நின்றதும், ஐந்து நாளாக ஒவ்வொரு தடவையும் வந்து நின்றதும், போன வருஷத்து அட்டைப்பெட்டி எழுந்து வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. ஒரு பார்ட்டியின் குளிர்பானப் பவுடர், வேறு ஏதோ இனிப்பூட்டி, படமெல்லாம் குழந்தைகளுக்குப் பிடிக்கிற மாதிரி. குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று ஒரு வரி முன்பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்தது. டிசைன் கெடுகிறது என்றார் பார்ட்டி. எங்கே தள்ளலாம் என்று எல்லாரும் முழித்தபோது அவன்தான் பென்சிலால் ஒரு இடத்தைக் காட்டினான், அடிப்பக்கம், மடிப்புக்கு ஒட்டி, நாலு பாயின்ட் பொடி எழுத்தில். அண்ணாச்சி தோளில் தட்டினார். அன்று வீட்டுக்குப் போகும்போது சந்தோஷமாகத்தான் போனான். அது நிவிக்கு ஆகாத பொருள் இல்லை, அதனால் அவனுக்கு அந்த வரி வெறும் எழுத்து. இடம் அடைக்கிற எழுத்து. அதை எந்த ஊரில் எந்தப் பிள்ளை எத்தனை டம்ளர் குடித்ததோ, அந்தப் பிள்ளையின் அப்பன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தானோ என்னவோ, அடியில் யார் பார்ப்பார்கள்.

போன் அதிர்ந்து மேஜையில் நகர்ந்தது. மூன்று ஐம்பது. டாக்டரம்மா. "மாரீஸ்வரன், ரிப்போர்ட் வந்திருச்சு. பதினாலு புள்ளி ஆறு." அவன் ஊதுபத்திப் புரூப்பின் ஓரத்தில் எழுதினான், பதினாலு, புள்ளி, ஆறு. "கேக்குதா?" "கேக்குது மேடம்." "ஜாஸ்திதான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வியாழக்கிழமையே நிறுத்திட்டீங்க, அதனால எறங்கும். சோத்தை ஒரு வாரத்துக்கு இன்னும் கொறைங்க, பவுடரை விடாதீங்க. அடுத்த வெள்ளி மறுபடி ரத்தம் எடுப்போம்." "மேடம், மூளைக்கு…" டாக்டரம்மா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "கைக்குழந்தையா இருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். ஏழு வயசு, மூணு வாரம். அந்தக் கோவம், மறதி எல்லாம் அளவு எறங்க எறங்கச் சரியாகணும். ஆகுதான்னு பாத்துக்கிட்டே இருப்போம். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்." அவன் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டான். "மத்த பிள்ளைங்க குடிச்சா இந்த மாதிரி ஆகாது. ஆனா சின்னப் பிள்ளைங்களுக்குத் தினம் இந்த இனிப்பு எதுக்குன்னு என்னைக் கேட்டா, தேவையில்லைன்னுதான் சொல்வேன். நம்ம பிள்ளைக்கு இது கூடவே கூடாது." "நான்தான் மேடம் குடுத்தேன். எவ்வளவு வேணும்னாலும் குடின்னு சொன்னேன்." "தெரியும். கனி கிட்ட சொல்லிட்டீங்களா?" "இல்ல." "சொல்லிடுங்க. இதைத் தனியா வச்சுக்கிட்டு இருக்காதீங்க." போன் அணைந்தது. கீழே இறங்கும், சரியாகணும். ஆகும் என்று சொல்லவில்லை, ஆகணும் என்றார். புரூப் பார்க்கிறவனுக்கு அந்த ஒரு எழுத்து போதும். எழுந்தான். ஊதுபத்தியில் கையெழுத்துப் போட்டுக் கதவருகே வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பின்வாசல் வழியாக வெளியே வந்தான்.

தாள் கட்டுகள் அடுக்கியிருந்த கொட்டகையின் நிழலில் நின்று கனியைக் கூப்பிட்டான். இந்த நேரம் டியூட்டி, எடுக்க மாட்டாள், எடுக்காவிட்டால் நல்லது, எடுத்துவிட்டாள். "என்னங்க, இந்நேரத்துல? நிவிக்கு என்ன?" அவன் வாயைத் திறக்குமுன்பே விஷயம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது போலிருந்தது. அவன் சொன்னான். கடையில் இருந்து தொடங்கவில்லை, எண்ணில் இருந்து தொடங்கினான், பதினாலு புள்ளி ஆறு, பிறகு டப்பா, பிறகு ஸ்டிக்கர், பிறகு சளி இல்லை என்பது. சோப்பையும் சொன்னான். அதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொன்னான். அந்தப் பக்கம் ஏதோ ஒரு இயந்திரம் நிதானமாகப் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான், திட்டினால் ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். "நல்லா சிரிச்சாளா?" என்றாள் கனி. அவனுக்குப் புரியவில்லை. "குடிக்கும்போது. சந்தோஷமாக் குடிச்சாளா?" "ம்." "எனக்கு வீடியோல காட்டவே இல்லையே நீங்க." வேறொரு பெண் குரல் அவளை ஆங்கிலத்தில் கூப்பிட்டது. "பேஷன்ட் இருக்காங்க. அப்புறம் பேசுறேன்" என்றாள், ஆனால் உடனே வைக்கவில்லை, நாலைந்து பீப் சத்தம் வரைக்கும் லைனில் இருந்தாள், பிறகு வைத்தாள். கோபமா, என்ன அது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பெயின்ட் உதிர்ந்த தகரத்தைப் பார்த்தபடி நின்றான். இருபத்து நாலு நாள் மகள் சிரித்ததை அவன் ஒருவன் மட்டுமே பார்த்திருக்கிறான். அதையும் ஒளித்துத்தான் வைத்திருந்தான்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நிவி கடைசியில் வந்தாள், பையின் ஒரு வார் தோளில் இருந்து வழுக்கி விழுந்ததைக் கவனிக்காமல், மெதுவாக. பைக்கில் ஏறப்போனவளை அவன் நிறுத்தி, எதிரே பூட்டிக்கிடந்த ஜெராக்ஸ் கடைப் படியில் பக்கத்தில் உட்காரவைத்தான். ஆரஞ்சு தீர்ந்துவிட்டது, கடையில் சரக்கு இல்லை என்று ஐந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "தாயி, அப்பா பொய் சொன்னேன். ஆரஞ்சு கடையில இருக்கு. இனிமே நமக்கு வேண்டாம். அதுல உனக்கு ஆகாதது இருந்திச்சு, அப்பா பாக்காம வாங்கிட்டேன்." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "நோட்டைக் கிழிச்சது, வாய்ப்பாடு மறந்துபோனது, அதெல்லாம் உன் தப்பு இல்ல. அதனால வந்தது. சரியாப் போயிரும்." சரியாகணும் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், முடியவில்லை. "அதுலயும் பருப்பு இருந்திச்சா?" "பருப்பு இல்ல. அந்த இனிப்புதான்." அவள் யோசித்தாள். முன்பெல்லாம் சட்டென்று கேட்டுவிடுவாள், இப்போது கேள்வி எங்கிருந்தோ நடந்து வர வேண்டியிருந்தது, அவன் அது வந்து சேரும்வரை காத்திருந்தான். "டப்பாவுல எழுதலையாப்பா?" "எழுதியிருந்தாங்க. இந்த மாதிரி இருக்கிறவங்க குடிக்கக் கூடாதுன்னு." "எந்த மாதிரி?" "உன்ன மாதிரி." ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அழப்போகிறாள் என்று நினைத்து அவன் கையை நீட்டினான். அவள் அழவில்லை. முகத்தில் நாலு வாரமாக இல்லாத ஒன்று மெல்ல ஏறியது. "என்னை மாதிரின்னு எழுதியிருக்கா? எல்லா டப்பாவுலயுமா?" "எல்லாத்துலயும்." "அப்ப என்னை மாதிரி நெறையப் பேரு இருக்காங்களா?" அந்த வரியை நூறு தடவை படித்துவிட்டான், அது யாருக்காக எழுதப்பட்டது என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை, யாரோ எங்கோ பலபேர் இருக்கப்போய்த்தானே அத்தனை டப்பாவிலும் அச்சடிக்கிறார்கள். "இருக்காங்க தாயி." "எங்க இருக்காங்க?" "தெரியல. டாக்டரம்மா கிட்ட கேப்போம்." அவள் தலையை ஆட்டிவிட்டு, அவிழ்ந்துகிடந்த ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு, அவனிடம் கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டாள்: "அவங்களும் மத்தியானம் வராண்டாவுல தனியா உக்காந்துதான் சாப்பிடுவாங்களா?"